நம் தட்டில் உப்பு, அவர்கள் உடம்பில் வெயில்

உப்பைப் பற்றி வீடுகளில் எழும் கேள்விகளுக்கு மரக்காணம் அளத்திலிருந்து பதில்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே மரக்காணம் அளத்து வரப்புகளில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. டார்ச் வெளிச்சம் பாத்தித் தண்ணீரில் பட்டுச் சிதறுகிறது. நீளக் கம்பில் பொருத்திய பலகையால், அடியில் படிந்திருக்கும் உப்பை வாரி வரப்போரம் சேர்க்கிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்து, கரையில் இருக்கும் குவியலுக்குச் சுமக்கிறார்கள். கூடையிலிருந்து வடியும் உவர்நீர் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்குகிறது. துடைத்துக்கொள்ளக் கை ஒழிவதில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை சுமந்துவிட வேண்டும். அதன்பிறகு தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே அதே வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் வெள்ளைத் தரை.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் இந்த வெள்ளைக் குவியல்களைப் பார்க்காமல் போக முடியாது. காரை ஓரம்கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது இந்த அளம். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கழுவெளி ஏரி. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இந்தப் பகுதியில்தான்.

உப்பைப் பற்றி இன்று எல்லா வீட்டிலும் கேள்விகள் இருக்கின்றன. கல்லுப்பு நல்லதா, தூளுப்பு நல்லதா? அயோடின் கலந்தால்தான் தைராய்டு வருகிறதாமே? இந்துப்புக்கு மாறினால் ரத்த அழுத்தம் குறையுமா? குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இதற்கெல்லாம் தினமும் ஒரு பதில் வந்து விழுகிறது. அவற்றில் பல தவறு, சில ஆபத்தானவையும்கூட. உப்பு விளையும் இடத்திலிருந்து பார்த்தால் இந்தக் கேள்விகள் பலவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது. சாப்பிடுகிறவரின் உடம்பைப் பற்றி இவ்வளவு கேட்கும் நாம், வாருகிறவரின் உடம்பைப் பற்றி ஏன் கேட்பதில்லை என்ற கேள்வியும் அங்கே காத்திருக்கிறது.

மழைக்காலத்தில் உப்பு ஏன் கசிகிறது?

கடல்நீரின் எடையில் ஏறக்குறைய மூன்றரை சதவீதம் உப்புகள். அதை அப்படியே காயவிட்டால் சமையலுக்கு ஆகும் உப்பு கிடைக்காது. பல உப்புகள் கலந்த கசப்புத் தூள்தான் மிஞ்சும். அதனால்தான் அளத்தில் தண்ணீரைப் படிப்படியாக ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்துகிறார்கள். அடர்த்தியைப் போமே மானியில் பார்ப்பது வழக்கம். கடல்நீர் அதில் மூன்று, மூன்றரை காட்டும். வெயிலில் வற்றி அடர்த்தி ஏற ஏற, முதலில் ஜிப்சம் படிந்துவிடுகிறது. 25 டிகிரியை நெருங்கும்போது நாம் சாப்பிடும் உப்பு கல்லுக் கல்லாகப் பிடிக்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொட்டால் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். மெக்னீசிய உப்புகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அந்த நீர் முழுதாக வடியாத உப்பு லேசாகக் கசக்கும், ஈரத்தையும் இழுக்கும். உப்பு ஜாடி ஐப்பசியில் நீர்விடுவதற்கு முக்கியக் காரணம் அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு. சுத்தமான உப்பும்கூடக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும். கடற்கரை ஊர்களில் பல நாள் காற்று அப்படித்தான் இருக்கிறது. பாக்கெட் தூளுப்பு உதிரியாகவே இருப்பதற்குக் காரணம், கட்டிபிடிக்காமல் இருக்க அதில் சேர்க்கப்படும் பொருள். கசிகிற உப்பு கெட்டுப்போன உப்பு அல்ல.

அளம் அருகில், அயோடின் தூரத்தில்

‘கடலிலிருந்து வருகிற உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறது, தனியாக எதற்குக் கலக்க வேண்டும்?’ இந்தக் கேள்வியை நன்றாகப் படித்தவர்களும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் இருக்கும் அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். அதே ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் 35 கிராம். ஒரு துளி அயோடினும் வீணாகாமல் உப்போடு தங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கிலோ உப்பில் 2 மில்லிகிராம்கூடத் தேறாது. நம் வீட்டுக்கு வந்துசேரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. நிஜத்திலோ அந்த 2 மில்லிகிராமிலும் பெரும்பகுதி பாத்தியிலேயே போய்விடுகிறது.

அப்படியானால் அளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் நிலை என்ன? 2018-19ல் நாடு முழுவதும் வீடு வீடாக உப்பைப் பரிசோதித்து அயோடின் கணக்கெடுப்பு நடத்தினார்கள். போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் அகில இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் நமக்கு. கடலையே பார்க்காத நாகாலாந்தில் 99 சதவீதத்துக்கு மேல். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்பதோடு சேர்த்து இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமில்லை. நாகாலாந்துக்கு உப்பு போக வேண்டுமென்றால் ஆலையில் அயோடின் தெளித்து, பாக்கெட்டில் அடைத்து, ரயிலேற்றித்தான் அனுப்ப வேண்டும். இங்கே அளத்து உப்பு மூட்டையாகவே சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் வந்துவிடுகிறது. கருவாட்டுக்கும் ஐஸ் ஆலைக்கும் தோல் பதனிடவும் போக வேண்டிய உப்பு, குழம்புக்கும் போகிறது. கல்லுப்புதான் ருசி, அதுதான் பாரம்பரியம் என்ற நம்பிக்கை வேறு. கல்லுப்பின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அயோடின் கலந்த கல்லுப்பு கடைகளில் கிடைக்கிறது, ரேஷன் கடையிலும் அயோடின் உப்பு உண்டு. சாக்கிலிருந்து அளந்து தரும் பெயரில்லாத உப்புதான் கவலை.

கவலைப்படக் காரணம் கழுத்தில் தெரியும் கழலை மட்டுமல்ல. தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர அந்த ஹார்மோன் வேண்டும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும்; கர்ப்பிணிக்கு 250. ஒரு சிட்டிகைக்கும் எவ்வளவோ குறைவான இந்த அளவு கிடைக்காமல் போனால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், பிறந்த குழந்தைக்குக் காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறைவு என்று வரிசையாக ஆபத்துகள். கடுமையான குறைபாடு இல்லாவிட்டாலும் வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகள் உருவாகிறார்கள். ‘படிப்பு ஏறலை’ என்று வீட்டில் திட்டு வாங்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்குக் காரணம் உப்பு ஜாடியில் இருக்கிறதோ! மூளைப் பாதிப்புக்கான காரணங்களில் உலகிலேயே மிக எளிதாகத் தடுக்கக்கூடியது இதுதான் என்கிறது மருத்துவ உலகம்.

▌பெட்டிச் செய்தி: காங்கராவில் தொடங்கிய கதை
▌1956ல் இமயமலை அடிவாரமான காங்கரா பள்ளத்தாக்கில் மருத்துவ விஞ்ஞானி வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஆய்வைத் தொடங்கினார்கள். அயோடின் உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை நோய் வேகமாகக் குறைந்தது. 1962ல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. மலைநாட்டு நோய் என்று நினைத்தது, நாடெங்கும் இருப்பது பிறகு தெரிந்தது. 1992ல் திட்டத்தின் பெயரும் ‘அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாடு’ என்று விரிந்தது. அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்கத் தடை கொண்டுவந்து, 2000ல் நீக்கி, 2006ல் மீண்டும் கொண்டுவந்தார்கள்.
▌எப்படி அடையாளம் காண்பது? பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா பாருங்கள்.
▌எப்படி வைப்பது? மூடிய டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தினால் மேலே தெளித்த அயோடின் கழுவிய நீரோடு போய்விடும். இறக்கும் நேரத்தில் உப்புப் போட்டால் இழப்பு குறையும்.

‘அயோடின் உப்பு வந்த பிறகுதானே எல்லாருக்கும் தைராய்டு?’ என்று கேட்கிறவர்களுக்கு: இன்று பெண்களிடம் அதிகம் காணப்படும் தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்பாற்றலே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். அளவுக்கு மிஞ்சிய அயோடினும் தொல்லை தரும் என்பது உண்மை. அதனால்தான் உப்பில் கலக்கும் அளவுக்கு மேல்வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தைராய்டு சிகிச்சையில் இருப்பவர் தன் மருத்துவரைக் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டாரை அல்ல.

இந்துப்பு, கல்லுப்பு, ரத்த அழுத்தம்

இதை விரைவாக முடித்துவிடலாம். இந்துப்பு என்பது பழங்காலக் கடல் வற்றிப் பூமிக்குள் இறுகிப்போன உப்பு. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கம் அதற்குப் பெயர்போனது. அதிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் இரும்பு போன்ற சிறு கலப்புகளால் வருவது. அந்தத் தாதுக்களால் உடம்புக்குப் பயன் கிடைக்க வேண்டுமென்றால், ஆபத்தான அளவுக்கு உப்புச் சாப்பிட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அயோடினும் இராது. கல்லுப்பு ஒரு கரண்டியில் தூளுப்பைவிடக் குறைவாக நிற்பது கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால். கிராமுக்கு கிராம் பார்த்தால் சோடியம் ஏறக்குறைய ஒன்றே.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. அதாவது ஒரு தேக்கரண்டி. அதில் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அடங்கும். உலக மக்கள் சராசரியாகச் சாப்பிடுவது இதைப்போல் இரண்டு மடங்கு. அயோடின் வேண்டும் என்பதற்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. குறைவாகச் சாப்பிடுங்கள், சாப்பிடுவது அயோடின் உப்பாக இருக்கட்டும். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு பலருக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது. ஆனால் சிறுநீரக நோயாளிகளும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கோயிலில் உப்பு, குடிபுகும் வீட்டில் உப்பு

புது வீட்டுக்கு முதலில் போவது உப்பும் மஞ்சளும். விளக்கு வைத்த பிறகு உப்பைக் கடன் கொடுப்பதில்லை. கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும். வைத்தீஸ்வரன்கோவிலில் உப்பும் மிளகும் காணிக்கை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உப்பிலியப்பனுக்கோ உப்பில்லாத நிவேதனம். கொடுத்தாலும் மறுத்தாலும் அது தெய்வத்துக்குரிய பொருளாகவே இருந்திருக்கிறது. உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டிச்சாரையாக உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப்போய் நெல்லுக்கு மாற்றிய காட்சிகள் சங்கப் பாடல்களில் நிறையவே உண்டு. கெடாமல் காக்கும் பொருள், தூரத்திலிருந்து வரும் பொருள், ஏழைக்கும் இல்லாமல் முடியாத பொருள். மதிப்பு வந்தது அப்படித்தான்.

‘கோயிலில் உப்பு வாங்கிப் போட்டேன், மரு உதிர்ந்தது’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மரு ஒரு வைரஸால் வருவது. உடம்பின் எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் கண்டுகொண்டதும் பெரும்பாலான மருக்கள் இரண்டு வருடத்துக்குள் தாமாகவே மறைந்துவிடும். வேண்டுதல் மனதுக்கு அமைதி தரட்டும். நிறம் மாறும், ரத்தம் கசியும், வேகமாக வளரும் மருவை மட்டும் தோல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

உப்பை அரசியலாக்கிய வரலாறும் இந்தக் கடற்கரைக்கு உண்டு. 1930 ஏப்ரல் 13ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள், தெற்கே வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறைபோனார்கள். உப்பை எடுக்கும் உரிமைக்காக ஒரு நாடே நடந்தது. உப்பை வாருகிறவரின் உரிமைகளுக்கு அந்த நடையில் பாதியாவது நடந்திருக்கிறோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

வாருகிறவரின் உடம்பு

இனிதான் இந்தக் கட்டுரையின் மையம்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017க்கும் 2020க்கும் இடையே தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பானது என்று வகுக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டித்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, அடங்காத தாகம், களைப்பு எல்லாம் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தன. அதையும்விடப் பெரிய செய்தி, நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

வெயிலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? வியர்வையாக நீர் போகப் போக ரத்தம் கெட்டிப்படுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. கடும் உழைப்பில் தசைகள் சிதைந்து வரும் கழிவையும் அதே சிறுநீரகம்தான் வடிகட்ட வேண்டும். ஒருநாள் நடந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரைக்கும், வருடக்கணக்கில், தினமும் நடந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு காயம். எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. அங்கே மருந்தைவிட முதலில் உதவியவை மூன்று: தண்ணீர், ஓய்வு, நிழல். முறைவைத்து நிழலில் உட்காரவிட்டு, தண்ணீர் கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது.

அளத்தில் இந்த மூன்றும் அரிது. கண்ணுக்கெட்டிய தூரம் மரம் கிடையாது; உவர் மண்ணில் மரம் நிற்காது. குடிநீரைத் தொழிலாளிகளே குடத்திலும் பாட்டிலிலும் சுமந்து வர வேண்டும். தண்ணீர் இருந்தாலும் பெண்கள் குடிக்கத் தயங்குகிறார்கள். கழிப்பறை கிடையாது. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. சிறுநீர் கழிக்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, குடிக்காததால் சிறுநீர்ப்பாதைத் தொற்று, கல், கடைசியில் சிறுநீரகம். மாதவிடாய் நாட்களில் இந்தத் துன்பம் இரண்டு மடங்கு. நாலு சுவரும் ஒரு கதவும் இருந்தால் தடுக்கக்கூடிய நோய் இது. ஆய்வகத்தில் கண்டுபிடிக்க வேண்டிய எதுவும் இங்கே இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடர்ந்த உவர்நீர் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பாதம் தடித்து, வெடித்து, வெடிப்பில் உப்பு நுழைகிறது. உப்புக் கல் கீறிய சிறு காயமும் ஆற வாரக்கணக்காகும். வேலையை நிறுத்தினால் கூலி இல்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தக் காயம் காலையே இழக்கச் செய்யலாம். குஜராத்தின் கட்ச் பாலையில் உப்பெடுக்கும் அகரியாக்களின் பாதங்கள் சிதையிலும் முழுதாக எரிவதில்லை என்று அங்கே சொல்வார்கள்.

கண்ணுக்கும் அதே கதி. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர், பனிமலையில் நடக்கிறவர்களுக்கு வருவது போன்ற எரிச்சலையும் நீர்வடிதலையும் தருகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் வெள்ளைவிழியில் சதை வளரும், கண்புரை சீக்கிரம் வரும். நல்ல கறுப்புக் கண்ணாடி கொடுத்தால் பாதிக்குமேல் தடுக்கலாம்.

▌பெட்டிச் செய்தி: வெயிலில் வேலை செய்கிறவர் உப்பைக் குறைக்கலாமா?
▌5 கிராம் வரம்பு பொதுவானது. நாள் முழுக்க வியர்க்க உழைப்பவர் நீரோடு உப்பையும் இழக்கிறார். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைச்சுற்றல் வரலாம். உப்புப் போட்ட மோர், கஞ்சி, நீராகாரம் என்று உழைக்கும் மக்கள் வழிவழியாகக் குடித்துவருவது மருத்துவ ரீதியாகவும் சரியானதே.
▌வாந்தி பேதி கண்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை. 1971ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்.
▌ரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொல்லையோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழை வந்தால் பட்டினி

வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். மூன்று, நான்கு மாதம் வருமானம் இல்லை. 2022 முதல் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கிவருகிறது. உப்பளத் தொழிலாளி என்ற ஓர் இனம் இருப்பதை அரசு ஏற்றுக்கொண்டது என்ற அளவில் அது பெரிய மாற்றம். ஆனால் மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அரிசி, பருப்புக்கே அது எட்டாது. மீன்பிடியோ வேறு கூலி வேலையோ தேடி அலைவதும், வட்டிக்கு வாங்குவதும் தொடர்கிறது. வாங்கிய கடனை அடைக்க அடுத்த பருவத்தில் உடம்பு முடியாத நாளிலும் அளத்துக்குப் போகிறார்கள்.

புயல் வந்தால் இந்தக் கணக்கும் உடையும். 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புயல். 2024 நவம்பர் 30ல் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் விழுப்புரம் மாவட்டத்தையே மூழ்கடித்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. மரக்காணத்து அளங்கள் வெள்ளத்துக்குள் போயின. வெள்ளம் வடிந்த மறுநாளே உப்பு விளையாது. வரப்பு கட்டி, சேறு வழித்து, பாத்தியை மிதித்து இறுக்கி, தண்ணீரைத் திரும்ப அடர்த்திக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை கூலியில்லாத நாட்கள் நீண்டுகொண்டே போகும்.

செய்யக்கூடியவை

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. பத்து வருடமாக வெயிலில் சிறுநீரகம் தேய்ந்துபோகிறவருக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. அவரை உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடிப்பது அத்தனை கடினமல்ல. சுகாதாரத் துறையின் மருத்துவக் குழு பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அளத்துக்கே வந்து, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் சிறுநீரும் பார்த்தால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கால், கண் எல்லாவற்றையும் அதே வரிசையில் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு அளப்பகுதிக்கும் பெண்கள் பயன்படுத்தும் கழிப்பறை, நிழற்கூரை, குடிநீர்த் தொட்டி. இவற்றைச் செய்துதர வேண்டிய பொறுப்பு குத்தகைதாரருக்கா, உப்புத் துறைக்கா, ஊராட்சிக்கா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்காமல், குத்தகை உரிமத்தைப் புதுப்பிக்கும் நிபந்தனையாகவே எழுதிவிடலாம். வெயில் உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியில் வேலை நேரத்தைப் பத்து மணியோடு நிறுத்தி, கூலியைக் குறைக்காமல் கொடுக்கலாம். அதனால் உப்பு விலை கிலோவுக்குச் சில காசு ஏறினால், மாதம் ஒரு கிலோ வாங்கும் நம் குடும்பங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும்.

அளத்து உப்பில் அங்கேயே அயோடின் தெளிக்கும் சிறு இயந்திரங்களைத் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குக் கொடுத்தால், மூட்டை உப்பு வாங்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கும் அயோடின் போய்ச்சேரும். உப்பைச் சுமக்கும் கர்ப்பிணியின் வீட்டுக் குழம்பிலும் அது இருக்கும். அடுத்த பருவம் தையில் தொடங்குகிறது. முதல் பாத்தியில் தண்ணீர் பாய்வதற்குள் கழிப்பறைக்கு அடிக்கல்லாவது போட்டுவிட முடியும்.